கண்ணாடியில் எழுதிய பெயர்

எங்கள் ஊர் நாய்க்கு உலகப் புகழ் உண்டு. பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, நெடிய கால்கள், எஜமானைத் தவிர வேறு யாரையும் ஒரு பொருட்டாக மதிக்காத ராஜபார்வை. 2005-ஆம் ஆண்டில் தபால் இலாகா நம் நாட்டு நாய் இனங்களுக்கு ஸ்டாம்பு வெளியிட்டபோது, அவற்றில் ஒன்றில் இராஜபாளையம் நாய்க்கும் இடம் கிடைத்தது. ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இருக்க, அந்தப் பாக்கியம் நாய்க்குக் கிடைத்ததே என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு.

இந்த நாயை வாங்க வெளியூரிலிருந்து காரில் வருகிறவர்களை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். "சுத்த வெள்ளைதானே? எங்கேயாவது ஒரு புள்ளி இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே குட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். புள்ளி இல்லை என்று தெரிந்ததும் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். விஷயம் தெரிந்த உள்ளூர்க்காரர் அப்படிச் செய்யமாட்டார். குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் சமயத்தில் அதன் தலைக்குப் பின்னால் கையை ஓங்கித் தட்டுவார். குட்டி திரும்பினால்தான் மேற்கொண்டு பேச்சு. ஏனென்றால் இந்தச் சுத்த வெள்ளை இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. நிறத்தைப் பார்த்து வாங்கியவர் வீட்டில் திருடன் வருகிற அன்றைக்குக் காவல் நாய் நிம்மதியாகத் தூங்கும்.

நாயைப் பற்றி எழுதுவது என் நோக்கமல்ல. கையைத் தட்டிப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்து வாங்குகிற ஒரு புதிய கூட்டம் நம்மிடையே பெருகிவருகிறது. அவர்கள் வாங்குவது நாய் அல்ல, வால்வு. அந்தக் கூட்டத்தில் நானும் ஓர் அங்கத்தினனாக இருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருந்திய திருடனுக்குத்தான் திருட்டின் நெளிவுசுளிவு தெரியும்.

வால்வு என்றால் இளைய தலைமுறைக்குச் சைக்கிள் டியூபில் இருக்கும் வால்வுதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது ரேடியோ வால்வு. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட சிறு கண்ணாடிக் குப்பி. அதற்குள் ஒரு ஹீட்டர் சிவந்து எரியும். அதன் சூட்டில் கேதோடு என்ற குழலிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பிப் பிளேட் என்ற தகட்டை நோக்கி ஓடும். நடுவே நிற்கும் கம்பி வேலிக்குக் கிரிட் என்று பெயர். அந்த வேலியில் மெல்லிய பாட்டின் அலையைக் கொடுத்தால், பிளேட்டில் அதே அலை பெரிதாகிக் கிடைக்கும். 1904-இல் பிளெமிங் என்ற ஆங்கிலேயர் முதல் வால்வைச் செய்தார். 1906-இல் லீ டி பாரஸ்ட் என்ற அமெரிக்கர் நடுவே வேலியைப் போட்டார். அந்த வேலியிலிருந்துதான் ரேடியோவும், பேசும் படமும், திருவிழா மைக் செட்டும் பிறந்தன.

1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்தது. அடுத்த முப்பது வருஷத்துக்குள் வால்வை அது வீட்டை விட்டே துரத்திவிட்டது. ஆனால் துரத்தப்பட்ட மாமியார் பெட்டியுடன் திரும்பி வருவது போல, வால்வும் திரும்பி வந்திருக்கிறது. பழைய கிராமபோன் இசைத் தட்டுகளைத் தேடிப் பிடிக்கிற சங்கீத ரசிகர்கள், வால்வு ஆம்ப்ளிபயரில் கேட்டால்தான் பாட்டில் உயிர் இருக்கிறது என்கிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. சஞ்சீவி மலை இருளில் கரைகிற நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு, அந்த நாலைந்து குப்பிகளின் செம்மஞ்சள் ஒளியில் காருகுறிச்சியாரின் நாதஸ்வரத்தைக் கேட்பதில் உள்ள சுகத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

என் ஆட்சேபமெல்லாம் அந்தக் குப்பியின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் பற்றியது.

இந்த ரசிகர்கள் கூடும் இடத்தில் சற்று நேரம் இருந்து பாருங்கள். எந்தக் கச்சேரி, எந்த ராகம் என்ற பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அப்புறம் மல்லார்டா, டெலிபங்கனா, ஆம்பரெக்ஸா என்று ஆரம்பிப்பார்கள். பிளாக்பர்னில் செய்ததா, ஹீர்லெனில் செய்ததா? எந்த வருஷம்? உள்ளே தகடு நீளமா, குட்டையா? மேலே வெள்ளிப் பூச்சுத் தாங்கும் வளையம் வட்டமா, சதுரமா? ஜோசியரிடம் ஜாதகம் கொண்டுபோகிற பெண் வீட்டார்கூட இவ்வளவு கேள்வி கேட்கமாட்டார்கள். மல்லார்டு என்றால் தேன், டெலிபங்கன் என்றால் தெளிவு, நம் நாட்டுச் சரக்கு என்றால் உதட்டைப் பிதுக்குதல். வாலிபன் ஒருவன் ஒரு மாதச் சம்பளத்தை விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகளுக்குக் கொடுத்துவிட்டு, வாடகைக்குக் கடன் வாங்கியதை நான் அறிவேன்.

நான் விழுந்த குழியைச் சொல்கிறேன். என் ஆம்ப்ளிபயரில் முன்வரிசை வால்வுகள் இரண்டும் ஈ.ஸி.ஸி. 83 என்ற ரகம். அவற்றில் ஒன்று இரைய ஆரம்பித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் மெக்கானிக் அண்ணாச்சியிடம் சொன்னால் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்திருப்பார். எனக்குத்தான் சபலம் தட்டிவிட்டது. கைப்பேசியில் விளம்பரம் பார்த்து, வெளியூர் வியாபாரி ஒருவரிடம் 'அசல் மல்லார்டு, பெட்டி பிரிக்காதது' என்று ஒரு ஜோடி வாங்கினேன். விலை 14,000 ரூபாய். ஒரு நாவலுக்குப் பதிப்பாளர் கொடுக்கிற முன்பணத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டாம் என்று நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வால்வுகள் வந்தன. மாட்டினேன். ஆகா, என்ன குரல், என்ன குழைவு! இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாவது நாள் அந்தப் பொக்கிஷத்தைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வாங்கியது சரியா என்று கேட்பதற்காக அல்ல, அண்ணாச்சி வாயைப் பிளக்கவேண்டும் என்பதற்காக.

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட் வாங்கிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் தெரிந்துவிடும். அண்ணாச்சியின் கடை தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. வயது எழுபத்தெட்டு. ஒரு காலத்தில் ஆடிப்பூரத்துக்கு மைக் செட் கட்டிய கை. இன்று கிரைண்டர் மோட்டாரும் எல்.இ.டி. விளக்கும் பழுது பார்க்கிற கை. ஒரு மூலையில் மட்டும் தன் கையாலேயே செய்த வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றையும், இசைத் தட்டுப் பெட்டியையும், மரப்பெட்டியில் அடங்கிய வால்வு டெஸ்டரையும் பூஜைப் பொருள் மாதிரித் துடைத்து வைத்திருக்கிறார்.

வால்வுகளை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வாயைப் பிளக்கவில்லை.

"என்ன கொடுத்தீக?"

சொன்னேன்.

"சரி, இருக்கட்டும். அந்தச் சுவரைப் பாத்து உக்காருங்க தம்பி. திரும்பக்கூடாது."

உட்கார்ந்தேன். அண்ணாச்சி தன் ஆம்ப்ளிபயரைப் போட்டார். வால்வு சூடேற அரை நிமிஷம் ஆகும். அப்புறம் நாதஸ்வரம் எழுந்தது. கொஞ்சம் கேட்டதும் நிறுத்தினார். பின்னால் வால்வைப் பிடுங்குகிற சத்தம், மாட்டுகிற சத்தம். மறுபடி அரை நிமிஷம். மறுபடி அதே இடத்திலிருந்து நாதஸ்வரம். இப்படி மூன்று தடவை.

"சொல்லுங்க. எது எப்படி?"

நான் நாவலாசிரியன் அல்லவா? வர்ணனைக்குப் பஞ்சமா? முதலாவது வறட்சியாக இருந்தது, கோடை வயல் மாதிரி என்றேன். இரண்டாவதில் தேன் வடிந்தது, அதுதான் மல்லார்டு, சந்தேகமே இல்லை என்றேன். மூன்றாவதில் அழுத்தம் உண்டு, ஆனால் மென்மை போதாது என்றேன்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"நான் ஒண்ணையும் மாத்தலை, தம்பி. மூணு தடவையும் அதே வால்வுதான். புடுங்கிப் புடுங்கி அதையே மாட்டுனேன். நீங்க கொண்டாந்தது இன்னும் இந்த மேசையிலதான் இருக்கு."

இதற்கு மேலும் ஒரு அவமானம் பாக்கி இருந்தது. என் வால்வு ஒன்றை எடுத்து, கட்டை விரலை நாக்கில் தொட்டு, 'மல்லார்டு' என்ற எழுத்தின் மேல் தேய்த்தார். எழுத்து சந்தனம் மாதிரிக் கரைந்து வந்தது. பிறகு கண்ணாடியின் மறுபக்கத்தில் வாயை வைத்து 'ஹா' என்று ஊதி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். மூச்சின் ஆவியில் மூன்று எழுத்துக்கள் பேய் மாதிரி எழுந்து மறைந்தன: பி.இ.எல்.

"பெங்களூர்ச் சரக்கு. உள்ளே தகட்டைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. பேரை அழிச்சாலும் எலும்பை அழிக்க முடியுமா?"

பி.இ.எல். என்பது 1954-இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ். 1961-இல் அங்கே ரேடியோ வால்வு செய்ய ஆரம்பித்தார்கள். அந்த வால்வுகள் நம் நாட்டு ரேடியோக்களிலும் மைக் செட்டுகளிலும் வருஷக் கணக்கில் உழைத்தவை. அதே ரகத்தில் அண்ணாச்சியின் பிஸ்கட் டப்பாவில் ஏழெட்டு கிடக்கின்றன. எனக்கு அவர் போடுகிற விலை 300 ரூபாய். அதாவது நான் இரண்டு நாள் தூங்காமல் கேட்டு உருகியது, நான் உதட்டைப் பிதுக்குகிற அதே நம் நாட்டுச் சரக்கைத்தான். தேன் வால்வில் இல்லை, பெயரில் இருந்தது. பெயரும் எச்சில் பட்டதும் போய்விட்டது.

டெஸ்டரில் வைத்துப் பார்த்தார். ஈ.ஸி.ஸி. 83-இல் ஒரே குப்பிக்குள் இரண்டு வால்வு குடித்தனம் நடத்துகின்றன. என் ஜோடியில் நாலு பாதி. மூன்று நன்றாக இருந்தன, ஒன்று களைத்துவிட்டது. 'பெட்டி பிரிக்காதது' எந்த மைக் செட்டில் எத்தனை திருவிழா பார்த்ததோ!

வியாபாரிக்குப் போன் செய்தேன். "பாட்டு கேட்கிறதா இல்லையா சார்?" என்றார். கேட்கிறது என்றேன். "அப்புறம் என்ன?" என்று வைத்துவிட்டார். அந்த மனிதர் பணம் திரும்பக் கொடுக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை யோசித்துப் பார்க்கையில், என்னை விட அவருக்கு வால்வைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

ஏமாந்தவன் ஆத்திரத்தில் எழுதுகிறான் என்று நினைக்கவேண்டாம். என் பெயர்கள் பொய்யாக இல்லாமல் மெய்யாகவே இருந்திருந்தாலும் என் குற்றம் குற்றம்தான்.

முதலில் அந்தப் பெயர்களின் யோக்கியதையைப் பாருங்கள். மல்லார்டு இங்கிலாந்துப் பெயர். கம்பெனி ஹாலந்து நாட்டு பிலிப்ஸுக்குச் சொந்தம். அமெரிக்காவில் ஆம்பரெக்ஸ், ஜெர்மனியில் வால்வோ என்ற பெயர்களும் பிலிப்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஹாலந்தில் ஹீர்லென் தொழிற்சாலையில் ஊதிய குப்பிக்கு எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டுப் பெயரை அச்சடிப்பார்கள். தட்டுப்பாடு வந்தால் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியிடம் வாங்கித் தன் முத்திரையைக் குத்தி விற்கும். இதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை, வியாபாரம் என்றார்கள். எங்கே பிறந்தது என்று அறிய, கண்ணாடியின் அடிப்பாகத்தில் மங்கலாகப் பொறித்திருக்கும் சங்கேத எழுத்தைப் பார்க்கவேண்டும். பெரிதாக, பளிச்சென்று அச்சடித்த பெயர் ஊரைச் சொல்லாது. அண்மைக் காலத்தில் மல்லார்டு என்ற பெயருடன் வந்த புது வால்வுகள் ரஷ்யாவில் சராதோவ் நகரத்தில் செய்யப்பட்டவை. பிளாக்பர்னின் பெயரைத்தான் வாங்க முடிந்தது. பிளாக்பர்னை வாங்க முடியவில்லை.

எங்களுக்கு இது புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைப்பதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அந்தப் பெயர் ஒட்டிய டப்பாவை எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் விற்கிறார்கள். எங்கள் பக்கத்துக்காரர் எவரும் டப்பாவைப் படித்துப் பால்கோவா வாங்கமாட்டார். ஒரு துளி விண்டு வாயில் போட்டுப் பார்ப்பார். நாக்குக்குக் கொடுக்கிற மரியாதையைக் காதுக்குக் கொடுக்க நமக்கு ஏன் மனம் வரவில்லை?

'பழைய வால்வு நன்றாகச் செய்யப்பட்டது இல்லையா?' என்று கேட்பார்கள். மறுக்கவில்லை. டெலிபோன் இலாகாவும், ராணுவமும், ஆரம்ப காலக் கம்ப்யூட்டர்களும் வால்வை நம்பி நின்ற காலம் அது. ஈ 88 ஸி.ஸி. போன்ற விசேஷ ரகங்கள் 10,000 மணி நேரம் உழைக்கும்படி செய்யப்பட்டவை. அந்தத் தொழிற்சாலைகளில் இருந்த கைத்திறமை இன்று எளிதில் கிடைப்பதல்ல. ஆனால் அந்தக் கைத்திறமை அன்று வெளிவந்த குப்பியின் உள்ளே இருந்தது. அறுபது வருஷத்துக்கு அப்புறம், எத்தனையோ கை மாறி, எத்தனையோ வெயிலும் அதிர்ச்சியும் பட்டு உங்களிடம் வந்திருக்கும் இந்தக் குறிப்பிட்ட குப்பியில் அதில் எவ்வளவு மிச்சம்? அதுதான் கேள்வி. அதற்குப் பெயர் பதில் சொல்லாது.

'கருவிக்குச் சங்கீதம் தெரியுமா?' என்பார்கள். தெரியாது. அதனால்தான் காது வேண்டும் என்கிறேன். ஆனால் கண்ணை மூடிய காது. 1985-இல் அமெரிக்காவில் பாப் கார்வர் என்ற எஞ்சினியர், 'ஸ்டீரியோபைல்' என்ற பத்திரிகைக்காரர்களிடம் ஒரு சவால் விட்டார். நீங்கள் போற்றுகிற ஓர் ஆம்ப்ளிபயரைக் கொடுங்கள். அதன் குணத்தை என்னுடைய மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயருக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றார். அவர்கள் விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றைக் கொடுத்தார்கள். கார்வர் சில நாள் உட்கார்ந்து, இரண்டின் ஒலியையும் கழித்துப் பார்த்து, மிச்சம் எதுவும் இல்லாத அளவுக்குத் தன்னுடையதைத் திருத்தினார். கேட்டவர்கள் தங்களால் வித்தியாசம் காண முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். வால்வு ஆம்ப்ளிபயருக்குத் தனிக் குணம் உண்டு என்பதும் இதிலிருந்து தெரிகிறது. அந்தக் குணம் சர்க்யூட்டிலும், அவுட்புட் டிரான்ஸ்பார்மரிலும், அது ஸ்பீக்கரைப் பிடித்து நிறுத்துகிற பிடியிலும் இருக்கிறதே தவிர, கண்ணாடியில் அடித்த மையில் இல்லை என்பதும் தெரிகிறது.

அப்படியானால் வால்வை எப்படித்தான் பொறுக்குவது? அண்ணாச்சி எனக்குச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

குப்பியின் உச்சியில் அல்லது பக்கவாட்டில் வெள்ளிக் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். மிச்சமிருக்கிற காற்றை உறிஞ்சுவதற்காகப் போட்டது அது. அது பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது. எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் செத்தது செத்ததுதான். பூச்சு பளபளப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஆயுள் எவ்வளவு என்று அர்த்தம் இல்லை. ஆயுளை டெஸ்டர் சொல்லவேண்டும். இரட்டை வால்வாக இருந்தால் இரண்டு பாதியையும் தனித்தனியே அளக்கவேண்டும். கடைசியில் ஸ்பீக்கரை ஓட்டுகிற ஈ.எல். 84 போன்ற வால்வுகள் ஜோடியாக வேலை செய்தால், இரண்டும் ஒரே அளவு கரண்டு இழுக்கவேண்டும். ஜோடி என்பது ஒரே பெயர் அல்ல, ஒரே இழுப்பு. ஏர் மாட்டை நிறம் பார்த்தா ஜோடி சேர்க்கிறோம்?

பிறகு, மாட்டி ஓடவிட்டு, பென்சில் முனையால் கண்ணாடியை மெல்லத் தட்டிப் பார்க்கவேண்டும். ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரி 'டிங்' என்று கேட்டால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. முதல் வரிசைக்கு அது ஆகாது. நாய்க்குட்டிக்குப் பின்னால் கை தட்டுவதும் வால்வைப் பென்சிலால் தட்டுவதும் ஒரே சாஸ்திரம்தான். ஒரு வித்தியாசம்: குட்டி திரும்பவேண்டும், வால்வு திரும்பக்கூடாது.

ரகத்தை மாற்றக்கூடாது. ஈ.ஸி.ஸி. 81, 82, 83 மூன்றுக்கும் ஒன்பது கால். ஒரே ஸாக்கெட்டில் நுழையும். ஆனால் 83 ஒலியை 100 மடங்கு பெருக்கக்கூடிய ரகம், 81-க்கு 60, 82-க்கு 20-க்கும் குறைவு. காலில் நுழைகிறது என்பதற்காக யாருடைய செருப்பையும் போட்டுக்கொண்டு நடந்தால் நடை கோணும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றம் வால்வில்தானா என்று முதலில் பார்க்கவேண்டும். பழைய காகிதக் கண்டன்ஸர் ஒன்று கசிந்தால், அடுத்த வால்வின் கிரிட்டுக்குக் கூடாத மின்சாரம் போய்ப் பிளேட் செக்கச்செவேல் என்று சிவக்கும். 12 வாட் தாங்குகிற ஈ.எல். 84 எத்தனை மாற்றினாலும் அத்தனையும் எரியும். 220 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மரில் உங்கள் தெருக் கரண்டு 245 வோல்ட் வந்தால், 6.3 வோல்ட் இருக்கவேண்டிய ஹீட்டரில் 7 வோல்ட் ஏறி நிற்கும். ஹீட்டரின் ஆயுள் தேய்ந்துகொண்டே போகும். இருபது ரூபாய்க் கண்டன்ஸரை மாற்றாமல் பதினாலாயிரம் ரூபாய் வால்வை மாட்டுவது, ஓட்டை அண்டாவில் பன்னீர் ஊற்றுவதுதான். ஒன்று மட்டும் எச்சரிக்கை: உள்ளே 300 வோல்ட் ஓடுகிறது, ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டன்ஸரில் அது தங்கியிருக்கும். தெரியாதவர் கை வைக்கக்கூடாது.

'என் பணம், என் காது, உனக்கென்ன?' என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. பணம் மட்டும் போகிறது என்றால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன்.

அன்றைக்குப் புறப்படும்போது அண்ணாச்சி என்னைக் கடைக்குப் பின்னால் அழைத்துப்போனார். அங்கே ஒரு பெரிய மர ரேடியோ, மேசை மேல் வைக்கிற ரகம், மழைச் சாரல் படுகிற தாழ்வாரத்தில் கிடந்தது. நகரங்களின் பெயரெல்லாம் எழுதிய கண்ணாடி முகம் உடைந்திருந்தது. முதுகுப் பலகை இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஸாக்கெட்டுகள் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தன.

"இந்த ஊர் வீட்டு ரேடியோதான். நாப்பது வருஷமா நான்தான் வைத்தியம் பாத்தேன். இலங்கை வானொலி வைக்கிற நேரத்துக்குத் திண்ணை பூரா ஆளு உக்காந்திருக்கும். போன வருஷம் வரைக்கும் பாடிச்சு தம்பி. பெரியவர் போனதும் பிள்ளைக யாருக்கோ கொடுத்துட்டாக. வந்தவன் அஞ்சு வால்வைப் புடுங்கிக்கிட்டான். அதிலயும் அவனுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், கடைசி ஈ.எல். 84. அதில பேரு இருந்துச்சு. மத்ததைப் பழைய இரும்புக்காரன்கிட்ட விட்டெறிஞ்சிருக்கான். நான் எடைக்கு வாங்கியாந்தேன்."

எடைக்கு வாங்கிய ரேடியோவை அவர் ஏன் வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. நாற்பது வருஷம் நாடி பார்த்த வைத்தியர், பிணத்தைத் தெருவில் விடுவாரா?

வால்வுப் பித்து செய்கிற பாவம் இதுதான். பாடிக்கொண்டிருக்கும் ஒரு முழுப் பெட்டியைக் கொன்று, அதன் ஒரு பல்லைப் பிடுங்கி, தங்கம் கட்டி விற்கிறது. பழமையின் மேல் பக்தி என்று சொல்லிக்கொண்டே பழமையை உடைக்கிறது. அமெரிக்கச் சினிமாக் கொட்டகைகளில் உழைத்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 300பி வால்வுகளைப் பிற்பாடு ஜப்பான் ரசிகர்கள் பொன் விலை கொடுத்து வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டு நாம் வியந்தோம். கொட்டகைக்காரர் வேண்டாம் என்று கழித்ததை அவர்கள் வாங்கினார்கள். இங்கேயோ, நேற்று வரை பாடியதையே அறுக்கிறோம்.

அதை விடப் பெரிய பாவம் ஒன்று உண்டு. மாதத்துக்கு நாலைந்து பேர் அண்ணாச்சியைத் தேடி வருகிறார்களாம். சென்னையிலிருந்துகூட வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "பழைய ஸ்டாக்கில் மல்லார்டு ஏதாவது இருக்கிறதா?" இல்லை என்றதும் போய்விடுகிறார்கள். ஒருவராவது, "கசிகிற கண்டன்ஸரை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? டிரான்ஸ்பார்மர் எப்படிச் சுற்றுகிறீர்கள்? எனக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டதில்லை. அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த எழுபத்தெட்டு வயது விரல்களில் இருக்கிற வித்தை அவரோடு முடியப்போகிறது. அது முடிந்த பிறகு, உலகத்து மல்லார்டு முழுவதையும் வாங்கிக் குவித்தாலும் அதை ஓடவைக்க ஆள் இருக்காது. அப்போது அவை அலமாரியில் வைத்துப் பார்க்க உதவும். நம்மவர்களில் பலருக்கு அது போதும் என்றுதான் நினைக்கிறேன்.

எனவே, வால்வு ஆம்ப்ளிபயர் வைத்திருக்கும் நேயர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். அளந்து வாங்குங்கள். தட்டி வாங்குங்கள். கண்ணை மூடிக் கேட்டு வாங்குங்கள். பெயரைக் கடைசியாகப் படியுங்கள், படிக்காவிட்டாலும் நஷ்டமில்லை. பாடுகிற ரேடியோவின் வயிற்றை வால்வுக்காகக் கிழிக்கிறவனிடம் ஒரு பைசாவுக்கும் வாங்காதீர்கள். உங்கள் ஊரிலும் ஒரு சந்தில் ஓர் அண்ணாச்சி இருப்பார். அவரிடம் சரக்குக் கேட்டுப் போகாதீர்கள். வித்தை கேட்டுப் போங்கள். வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால் கூட அழைத்துப் போங்கள்.

என் வால்வுகள் இரண்டையும் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். களைத்துப்போன ஒன்றை அண்ணாச்சியிடம் விட்டுவிட்டு, அதற்குப் பதில் பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன். மற்றதில் ஒட்டியிருந்த மிச்ச எழுத்தையும் வீட்டுக்கு வந்து ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். இப்போது இரண்டிலும் பெயர் கிடையாது. நேற்று இரவும் விளக்கை அணைத்துவிட்டு நாதஸ்வரம் கேட்டேன். தேன் வடிந்ததா, கோடை வயலா என்று யோசிக்க மறந்துவிட்டேன். ராகம் நன்றாக இருந்தது.